பதினோரு வினாடி

இரவு மணி ஒன்று ஐம்பத்தைந்து. ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற பைபாஸ் சாலை. இந்தப் பக்கம் முள்வேலி, அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். நாலு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. விளக்குக் கம்பம் உண்டு... ஒன்று விட்டு ஒன்றுதான் எரியும். அந்தச் சாலையில் ஒரு பைக் தனியாகப் போகிறது. ஓட்டுகிறவன் முதுகில் ஒரு பை. பையின் ஜிப்புக்கு வெளியே இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. டிரம்ஸ் வாசிக்கிற குச்சிகள். இரண்டு மணி நேரக் கச்சேரி முடித்தவன்... அதற்கு மேலும் மூன்று மணி நேரம் வாசித்தவன். அவனுக்குக் கண் சொக்குகிறது.

அந்த பைக் அங்கேயே நிற்கட்டும். சாலைக்குத் திரும்ப வருவோம். அதற்கு முன்னால் யாராவது எழுந்து அந்த ஜன்னலைச் சாத்துங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும், ஒரு மெழுகுவர்த்தி போதும். சோபாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறவர்கள் அப்படியே இருங்கள்.

இவ்வளவு நேரம் ஆளாளுக்குப் பட்டியல் போட்டீர்களே, பார்த்தே தீர வேண்டிய ராக் கச்சேரிப் படம் எது என்று. ஒருவர் லட்சம் பேர் நிற்கிற மைதானம் என்றார். ஒருவர் பேண்டு உடைந்து சிதறுகிற கதையைச் சொல்லும் ஆவணப்படம் என்றார். அந்த ஓரத்தில் கால் நீட்டியிருக்கும் மேதாவி, பாடகன் அழுதால்தான் படம் என்றார். எல்லாம் சரி. ஆனால் ஒரு கச்சேரிப் படம் தேறுமா தேறாதா என்று பார்க்க ஒரே ஒரு கேள்விதான்... டிரம்மரின் முகம் தெரிகிறதா? பாடகன் முகத்தைக் காட்ட ஊரே இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து உயிரைக் கொடுக்கிறவனைக் காட்ட வேண்டாமா? அப்படிக் காட்டின படம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் திரையிட்டார்கள். நம்ம ஒலிப்பதிவுக்காரன் இருக்கிறானே, மைக் என்று நாம் கூப்பிடுகிறவன், அவனுடைய பெரியம்மா வீட்டில் நடந்தது இது. சிரிக்கிறவர்கள் கடைசியில் சிரியுங்கள்.

அந்தப் பெரியம்மாவுக்குக் காது கேட்காது. பிறவியில் வந்தது இல்லை. நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை. அந்த மெஷின் சத்தத்தில் யார் கத்தினாலும் காதில் விழாது. அங்கே எல்லோரும் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். காது போன பிறகும் அந்தப் பழக்கம் அவளைக் கைவிடவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற இரண்டு பேர் இவளைப் பற்றி என்ன வம்பு பேசுகிறார்கள் என்று வரி விடாமல் சொல்லுவாள். அதனால் தெருவில் அவளுக்கு நல்ல மரியாதை.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் படங்களுக்கு எடிட்டர். இளையவனுக்கு வீட்டில் இடி என்று பெயர். தவழ்கிற வயதிலிருந்து தட்டு, வாளி, கதவு என்று ஒன்று பாக்கியில்லாமல் தட்டிய புண்ணியம். அந்தச் சத்தத்தை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்ட ஒரே ஆள் அம்மாதான். கேட்டால்தானே! அவன் புதுசாக ஒரு பாட்டுக் கற்றுக்கொண்டால் நேரே சமையலறைக்கு வருவான். அடுப்பு முன்னால் நிற்கிற அம்மாவின் இரண்டு தோளிலும் விரலால் தட்டிக் காட்டுவான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே ரசிப்பாள். மகனுடைய இசையில் அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இடி ஒரு பேண்டில் சேர்ந்தான். நாலு பேர். ஐந்தாறு வருஷத்தில் ஓரளவு பேர் வந்தது. அவர்களுடைய பெரிய கச்சேரி ஒன்றைப் படமாக எடுப்பது என்று முடிவானது. எடுத்தது அக்காக்காரிதான். அம்மா அரங்கத்துக்கு வரவில்லை. அவனே வேண்டாம் என்றான்.

"கூட்டத்துல நீ எங்கேயோ உக்காந்திருப்பம்மா. நான் புகைக்குப் பின்னால கெடப்பேன். படத்துல பாரு. அக்கா எனக்குன்னு தனியா ஒரு கேமரா வைக்கிறா. என் மூஞ்சி, கை எல்லாம் பக்கத்துல தெரியும்."

அம்மா சரி என்றாள். ஆசையாகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

மொத்தம் ஐந்து கேமரா. நாலுக்கு ஆள் உண்டு. டிரம்ஸ் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் பொருத்தியிருந்த ஐந்தாம் நம்பர் கேமராவுக்கு மட்டும் ஆள் கிடையாது. கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் பட்டனை அமுக்கிவிட்டு, முடிந்ததும் அமுக்கி நிறுத்த வேண்டியதுதான். அந்த வேலையை அக்காவே வைத்துக்கொண்டாள். பதிவாகும்போது கேமராவில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும் அல்லவா? மேடை இருட்டில் அது உறுத்தும் என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்கள். எல்லோரும் செய்வதுதான்.

அக்கா பட்டனை அமுக்கினாள். சரியாக அமுங்கவில்லையோ என்று ஒரு சந்தேகம். இன்னொரு தடவை அமுக்கினாள்.

புரிகிறதா? முதல் அமுக்கில் ஓட ஆரம்பித்தது. இரண்டாவது அமுக்கில் நின்றுவிட்டது. டேப் ஒட்டியிருக்கிறதால் தெரியவில்லை. இரண்டு மணி நேரம்... தம்பி முழங்கையிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட, பிறந்ததிலிருந்து அதுவரை வாசிக்காத மாதிரி வாசித்தான். அவனுக்கு முன்னால் கேமரா கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியது. கச்சேரி முடிந்தது. அவன் எழுந்து போய்விட்டான். அக்கா வந்து நிறுத்துவதாக நினைத்துப் பட்டனை அமுக்கினாள். அப்போதுதான் அது ஓடவே ஆரம்பித்தது! டேப்பை உரித்தாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவசரமாக மறுபடி அமுக்கி நிறுத்தினாள்.

அந்தக் கேமராவின் மெமரி கார்டில் இருந்தது மொத்தம் பதினோரு வினாடி. ஒரு காலி ஸ்டூல். அதன் மேல் ஒரு ஈரத் துண்டு. அவ்வளவே.

உண்மையைச் சொல்லியிருந்தால் இடி சிரித்திருப்பான். ஆறு மாதம் அதைச் சொல்லியே அக்காவைக் கிண்டல் செய்திருப்பான். அவளுக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் எடிட்டர், சொந்தத் தம்பிக்குப் பட்டனை ஒழுங்காக அமுக்கத் தெரியவில்லை என்றால்... மானம் போய்விடாதா?

"டேய், உன் ஷாட்ல வெளிச்சம் சரியா விழல. எல்லாரும் போகட்டும். நீ மட்டும் ஒரு மூணு பாட்டு திரும்ப வாசிக்கிறியா?"

அவனுக்கு அன்றைக்கு மதியத்திலிருந்தே காய்ச்சல். மணிக்கட்டில் வலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். காலி அரங்கம். அன்றைய கச்சேரியின் பதிவை ஸ்பீக்கரில் ஓட விட்டு, அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். கார்டை மாற்றினாள். இந்தத் தடவை விளக்கை மூன்று முறை பார்த்துவிட்டு எடுத்தாள். ஒரு டேக். இரண்டு டேக். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவன் நிமிர்ந்து கேட்பான்.

"அக்கா, போதுமா? நான் கெளம்பட்டுமா?"

"இன்னும் ஒரே ஒரு தடவ டா."

மூன்று பாட்டு, ஏழு பாட்டு ஆயிற்று. மணி ஒன்று நாற்பதுக்குத்தான் அவள் போதும் என்றாள். அப்போதும் சும்மா விடவில்லை. கார்டை அவன் சட்டைப் பையில் போட்டு, "வீட்டுக்குப் போனதும் மறக்காம கம்ப்யூட்டர்ல ஏத்திடு" என்று வேறு சொல்லி அனுப்பினாள்.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள். ஒன்று ஐம்பத்தைந்து. எரியாத கம்பம் ஒன்றின் கீழே, விளக்கு போடாமல் நின்றுகொண்டிருந்த ஒரு லாரி. பிரேக் போட்ட தடமே சாலையில் இல்லையாம். தூங்கிவிட்டிருக்கிறான், பாவி.

போலீஸ் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம். ஒரு குச்சி. தைலப் புட்டி, அதில் ஒரு கீறல்கூட இல்லை. கார்டு... சரிபாதியாக உடைந்திருந்தது.

ஆறு மாதம் அக்கா அந்தப் படத்தைத் தொடவில்லை. தொட வைத்தது அம்மாதான். காது கேட்காதவர்கள் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஊர்ல எல்லாரும் அவன் வாசிச்சதக் காதால கேட்டாங்க. நான் கேக்கல. கண்ணால ஒரே ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும்டி."

அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அவனுடைய பிறந்த நாளன்று அதே அரங்கத்தில் திரையிடுவதாக பேண்டுக்காரர்களும் அறிவித்துவிட்டார்கள். இருபத்தாறு நாள் இருந்தது. அக்கா எடிட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மற்ற நாலு கேமராவையும் சல்லடை போட்டுச் சலித்தாள். பாடகன் இருந்தான். கிடார் இருந்தது. கூட்டம் இருந்தது. தம்பி...? புகைக்கு நடுவே ஒரு முழங்கை. கொஞ்சம் தலைமுடி. எங்கேயோ ஒரு நொடி ஒரு காது. இரண்டு மணி நேரப் படத்தில் பெற்றவள் பார்க்க ஒரு முகம் இல்லை. அக்கா மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அந்தப் பதினோரு வினாடியைப் போட்டாள். காலி ஸ்டூல். ஈரத் துண்டு. திரும்பப் போட்டாள். அன்று ராத்திரி ஐம்பது தடவையாவது போட்டிருப்பாள்.

கடைசியில் அந்தத் திரையைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரே ஒரு ஷாட் குடுடா. எனக்கு இல்ல, அம்மாவுக்கு. ஒண்ணே ஒண்ணு."

மறுநாள் காலையில் வந்து கணினியைத் திறந்தாள். அதே கோப்பு. நீளம்... பத்தொன்பது வினாடி.

தூக்கமில்லாத கண் என்று நினைத்துக்கொண்டாள். ஓட விட்டாள். காலி ஸ்டூல். துண்டு. பதினோரு வினாடி முடிந்தது. படம் நிற்கவில்லை. பன்னிரண்டு... பதின்மூன்று... எங்கோ ஒரு கதவு கிறீச்சென்றது. இடது ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. துண்டை எடுத்துக்கொண்டு போயிற்று. ஏ.சி. ஓடுகிற அந்த மூடிய அறையில், சூடேறிய கணினியின் தூசி வாசனைக்கு நடுவே, மெல்ல... தைல வாசனை.

நீங்களும் நானும் என்றால் கதவை உடைத்துக்கொண்டு ஓடியிருப்போம். அவள் ஓடவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் நாற்பது வினாடி. அவன் உட்கார்ந்தான். ஸ்டூல் முனகியது. அதற்கடுத்த நாள் குச்சிகளைத் தலைக்கு மேல் தூக்கி, பாட்டுத் தொடங்கும்போது தட்டுகிற நாலு தட்டு. டக்... டக்... டக்... டக். பிறகு வாசித்தான். பாட்டு முழுவதும் வாசித்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். அழுதுகொண்டே கை தானாக மவுசுக்குப் போயிற்று. ஷாட் எங்கே தொடங்க வேண்டும் என்று குறி வைத்தாள். எங்கே முடிய வேண்டும் என்று குறி வைத்தாள். எடுத்துக் கச்சேரியோடு ஒட்டினாள். ஒரு அடிகூடப் பிசகவில்லை. அச்சு அசலாக உட்கார்ந்தது.

அன்றைக்கு எழுந்து போவதற்கு முன்னால் திரையைப் பார்த்து மறுபடி சொன்னாள், "இன்னும் ஒரே ஒரு தடவ டா. ரெண்டாவது பாட்டுக்கு வேணும்."

கொடுத்தான். அவன் எதைத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறான் அவளுக்கு? தினம் ஒரு பாட்டு. கோப்பு நீண்டுகொண்டே போயிற்று. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அக்கா வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். குளிப்பது எப்போதாவது. அம்மாவிடம் மட்டும் போய், முகத்துக்கு நேரே நின்று, "வந்துட்டிருக்கும்மா, மூஞ்சி நல்லா தெரியுது" என்று சொல்லிவிட்டு வருவாள். அம்மா அவள் கன்னத்தைத் தடவுவாள்.

பதினெட்டாம் நாள்தான் மைக் உள்ளே வந்தான். படத்துக்கு ஒலி கலக்குகிற வேலை அவனுடையது. திரையில் இருப்பவன் அவனோடு கூடவே வளர்ந்தவன். மைக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்து அழுதான். பிறகு வேலைக்காரனின் கண் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

"அக்கா, அவன் மணிக்கட்டு ஏன் இப்படி வீங்கியிருக்கு? கச்சேரியில நல்லாத்தானே இருந்துச்சு?"

"வெளிச்சம் அப்படி."

"குச்சி பிளந்திருக்கே. விரல்ல வேற ரத்தம்..."

"கலர் சரி பண்ணிடலாம்."

"சரி, அத விடு. வாய் ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருக்கே. என்னவாம்? டிரம்ஸ் பக்கத்துல பேச்சப் பதிய எதுவுமே வைக்கலயே, ஒண்ணும் கேக்கல."

"பாட்டுதான். கூடவே பாடுவான்ல."

மைக்குக்கு அது சரியாகப் படவில்லை. பாட்டு ஒன்றாகவும் வாய் வேறாகவும் இருந்தது. ஆனால் கேட்கப் பயந்தான். அக்காவோ அந்த வாயைப் பார்த்ததே இல்லை. எடிட்டருக்கு டிரம்மரின் கைதான் கணக்கு. அடி விழுகிற இடத்தில்தான் வெட்டு விழ வேண்டும். பதினெட்டு நாளும் அவள் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாட்டு பாக்கி. அதற்கு ஆறு டேக் எடுத்தாள். ஆமாம், எடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் மூச்சு வாங்குவது தெரிந்தது. முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. ஆறாவதில் ஒரு குச்சி கை நழுவி விழ, குனிந்து எடுக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. எடுத்தான். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான். வாய் அசைந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த அடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

பிறந்த நாள் வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் அம்மா, ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் மைக். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் பதித்துக்கொண்டாள். பேஸ் டிரம் அடித்தால் தரை அதிரும் அல்லவா, அதற்காக. விளக்கு அணைந்தது.

டக்... டக்... டக்... டக்.

திரை முழுக்க இடியின் முகம். அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அக்காவுக்கு அப்போதுதான் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. போதும், இதற்குத்தானே இத்தனை பாடும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது பாட்டில் அம்மாவின் சிரிப்பு நின்றது.

மூன்றாவது பாட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்தாள். நாலாவதில் மகளுடைய கையைப் பிடித்தாள். அப்புறம் விடவே இல்லை. நகம் பதிகிற அளவுக்குப் பிடி. மைக் திரும்பிப் பார்த்தபோது பெரியம்மாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. திரையில் அசைகிற உதட்டோடு ஒன்றாக.

படம் முடிந்தது. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. இப்படி ஒரு கச்சேரிப் படம் பார்த்ததே இல்லை என்றார்கள். டிரம்மர் கண் முன்னால் இருக்கிற மாதிரியே இருந்தது என்றார்கள். கை தட்டல் ஓய்ந்த நேரத்தில், காது கேட்காத அந்தப் பொம்பளையின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"ஏண்டி... பிள்ள கேட்டுக்கிட்டே இருக்கானே. நீ ஏன் ஒரு பதில்கூடச் சொல்லல?"

அக்காவுக்கு முகம் வெளிறியது. "என்னம்மா கேக்குறான்?"

"'அக்கா, போதுமா? நான் கெளம்பட்டுமா?' படம் பூரா அதையேதான் கேக்குறான். கை வலிக்குதுங்கிறான். யாருமே பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க!"

அக்கா அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவே, அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பட்டன் முதல் கார்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் நடந்தாள்.

"வா. போய் அவன விட்டுடு. பாவம், வீட்டுக்குப் போகட்டும்."

நல்ல மனது கொண்டவள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவளைக் குறை சொல்லத் தோன்றும்.

கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வரவே நேரமாகிவிட்டது. மைக்கின் கார். எடிட்டிங் அறைக்கு அந்த பைபாஸ் வழியாகத்தான் போக வேண்டும். முள்வேலி. கிடங்குகள். எரிகிற கம்பம்... எரியாத கம்பம்... எரிகிற கம்பம். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. ஒரு எரியாத கம்பத்தைக் கடக்கும்போது காருக்குள் தைல வாசனை குப்பென்று அடித்தது. மைக் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு, தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு தோளிலும் புடவை லேசாக, விட்டு விட்டு, அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. அவன் அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை.

எடிட்டிங் அறை பூட்டியிருந்தது. அணைத்துவிட்டுப் போன கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவன். ஸ்டூலில் முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தான். குச்சிகள் மடியில். சட்டை பிழிகிற ஈரம். அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

"வெளிச்சம்லாம் நல்லாத்தான் இருந்துச்சுடா. பட்டன நான்தான் தப்பா அமுக்கினேன். பொய் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சுடு. போதும்டா தங்கம்... போதும். நீ கெளம்பு."

அவன் நிமிர்ந்தான். கேட்டது போலத்தான் இருந்தது. குச்சிகளைச் சேர்த்துப் பக்கத்தில் வைத்தான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். மெதுவாக, முழங்காலில் கை ஊன்றி எழுந்தான். எல்லாம் முடிந்தது, விடிந்தால் நிம்மதி என்று மைக் நினைத்தான்.

இடி முதுகைத் திருப்பி நடந்தான். ஒரு அடி. இரண்டு அடி. பாதி உடம்பு திரையின் ஓரத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு எட்டு வைத்தால் போய்விடுவான். அப்புறம் எந்தக் காலத்திலும்...

"கண்ணா!"

பெரியம்மா. இரண்டு கையையும் திரையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளை யாரும் பிடிக்க முடியவில்லை.

"சாமி... இப்பத்தானடா பாத்தேன்... போயிடாதடா. இன்னும் ஒரே ஒரு தடவ... அம்மாவுக்காக, ஒரே ஒரு தடவ..."

திரையின் ஓரத்தில் அந்தப் பாதி முதுகு நின்றது.

நின்றது... நின்றுகொண்டே இருந்தது.

பிறகு திரும்பி வந்தான். ஸ்டூல் முனகியது. குச்சிகளை எடுத்தான்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பெரியம்மா இப்போது வீட்டில் இல்லை. அந்த எடிட்டிங் அறையில்தான் இருக்கிறாள், அந்தத் திரை முன்னால். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தினமும் "போதும், கெளம்புடா" என்கிறாள். தினமும் அவன் எழுந்திருக்கிறான். தினமும் அம்மா "இன்னும் ஒண்ணு" என்கிறாள். யாரும் யாரையும் தடுக்க முடியவில்லை.

மைக் போன வாரம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். கோப்பின் நீளத்தைப் பார்த்தானாம், எண் திரைக்குள் அடங்கவில்லையாம். கிளம்பும்போது பெரியம்மாவின் முகத்துக்கு நேரே போய் நின்று, அவளுக்குப் புரிகிற மாதிரி வாயை நன்றாக அசைத்துக் கேட்டான்.

"பெரிம்மா, இன்னும் போதுமா போதுமான்னு கேக்குறானா?"

அவள் கண்ணை மறுபடி திரைக்கே திருப்பிக்கொண்டு, அந்தப் பெரிய குரலில் சொன்னாளாம்.

"இல்லப்பா. இப்பல்லாம் அவன் கேக்குறதே இல்ல."